பதினைந்து இறாத்தல் துவக்கும் ஏழு சில்லிங் வாலும்

ஹோட்டன் சமவெளிக்குப் போன எல்லாரிட்ட போனிலயும் ரெண்டு படம் கட்டாயம் இருக்கும். ஒன்று உலக முடிவு. மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சி. உலக முடிவில் நிற்கிற நேரம் மூடுபனி வந்து ஏமாத்தினாலும் நீர்வீழ்ச்சி ஏமாத்தாது. ஆனால் அந்தப் பேக்கர் ஆரெண்டு எங்களில் கனபேர் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஒரு வாசிப்புப் பட்டியலில் அவருடைய பெயர் வந்து விழும்வரை.

சாமுவேல் வைற் பேக்கர் 1821 இல் பிறந்த ஆங்கிலேயர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய் 1864 இல் அல்பேட் ஏரியை ஐரோப்பியருக்கு 'அறிமுகம்' செய்தவர் எண்டு உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முதல் அவர் எங்கட நாட்டில் இருந்தார். 1840களின் நடுப்பகுதியில் வந்தவர், 1848 இல் நுவரெலியாவில் குடும்பத்தோடும் வேட்டை நாய்களோடும் குடியேறி, 1855 வரைக்கும் இருந்தார். வரும்போது கொண்டுவந்த சாமான்களில் அவர் அதிகம் யோசித்துத் தெரிந்தெடுத்தவை துவக்குகள்தான். 'இலங்கையில் றைபிளும் வேட்டை நாயும்' எண்டு பொருள்படும் தலைப்பில் அவர் 1850களின் தொடக்கத்தில் எழுதிய நூலில் யானைகளைவிட துவக்குகளைப் பற்றித்தான் கூடுதல் அன்போடு எழுதியிருக்கிறார் எண்டு எங்களுக்குப் பட்டது.

துவக்கில் எங்களுக்கு என்ன ஆர்வம் எண்டு நீங்கள் கேட்கலாம். துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்த தலைமுறை நாங்கள். வீதித்தடையில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க முதல் தோளில் தொங்குறதைப் பார்த்தவர்கள். அதாலேயே அது எப்படி வேலை செய்யுது, ஏன் அந்த வடிவத்தில் இருக்குது, ஆருக்காகச் செய்யப்பட்டது எண்டு ஒருநாளும் யோசித்ததில்லை. பேக்கரை வாசித்தபோதுதான் ஒரு துவக்கைத் தெரிவு செய்வதற்குள்ளேயே ஒரு முழு வரலாறு கிடக்கிறது எண்டு விளங்கியது.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தக் காலத்தில் துவக்குக் குழலின் அளவை இறாத்தலால் சொல்வார்கள். இப்பவும் கடையில் ஒரு இறாத்தல் பாண் கேட்கிறோமே, அதே இறாத்தல். ஒரு இறாத்தல் ஈயத்தை உருக்கிச் சமனான நாலு உருண்டை பிடித்தால், அந்த ஒரு உருண்டை போகக்கூடிய குழல் நாலாம் இலக்கம். பத்து உருண்டை பிடித்தால் பத்தாம் இலக்கம். எண் குறையக் குறைய குழல் பெருக்கும். வன்னியில் வயற்காவலுக்கு வைத்திருக்கிற பன்னிரண்டாம் இலக்கத் துவக்குக்கும் பெயர் வந்தது இதே கணக்கால்தான்.

பேக்கரின் முதற் பெரிய துவக்கு நாலாம் இலக்கம். 1840 அளவில் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துவக்குக் கம்மியரிடம் சொல்லிச் செய்வித்தது. ஒற்றைக்குழல். நிறை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. நாங்கள் கண்டு வளர்ந்த ரி-56 நாலு கிலோ அளவுதான் வரும். அதில் ரெண்டைச் சேர்த்துக் கட்டித் தூக்கினாலும் பேக்கரின் துவக்கு பாரம் கூட. ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ் கரிமருந்து. குண்டு மூன்று அவுன்ஸ், கூர்க்குண்டு எண்டால் நாலு அவுன்ஸ். ரி-56 இன் ரவை எட்டுக் கிராம் அளவு, பேக்கரின் நாலு அவுன்ஸ் குண்டு 113 கிராம்.

ஏன் இவ்வளவு பாரம்? இரும்பின் நிறைதான் பின்னடியை வாங்குது. அவ்வளவு மருந்தை இலேசான துவக்கில் போட்டு வெடித்தால் முதலில் உடைவது வெடிக்கிறவரின் தோள்மூட்டு. ஆகவே குண்டு பெருக்க மருந்து பெருக்கும், மருந்து பெருக்கத் துவக்கு பாரமாகும். பாரமான துவக்கைத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்படுவார். இந்த இன்னொரு ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அவர்தான் இந்தக் கதையில் எங்களுக்கு முக்கியம்.

இலங்கைக் காட்டில் கொஞ்சக்காலம் திரிந்த பிறகு பேக்கரின் துவக்குப் பட்டியல் இப்படி அமைந்தது: அந்த 21 இறாத்தல் ஒற்றைக்குழல் ஒன்று, ரெண்டு அவுன்ஸ் குண்டு போகிற 16 இறாத்தல் ஒற்றைக்குழல் ஒன்று, பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள் நாலு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். மொத்தம் ஆறு துவக்கு, பத்துக் குழல். உள்ளே சுருள்வரி வெட்டாத வழுவழுப்பான குழல்களை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை, தானும் அவற்றைப் பாவித்திருந்தாலும்.

இங்கேதான் இரட்டைக்குழலின் நியாயம் வருது. இலங்கைக் காடு ஆபிரிக்கப் புல்வெளி இல்லை. முள்ளும் கொடியும் பின்னிக்கிடக்கிற பற்றைக்குள்ளே யானை பத்துப் பதினைந்து அடி வைக்கிற தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலத்துத் துவக்கு வாய்வழி நிரப்புகிறது: மருந்தைக் கொட்டி, துணித்துண்டோடு குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, மூலைப்பக்கம் கேப்பு மாட்ட வேணும். கை பழகின ஆளுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் போகும். துரத்தி வருகிற யானை அதுக்குள்ளே வந்து சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு கரிமருந்து வெடித்தால் வெள்ளைப் புகை முகத்துக்கு முன்னால் திரைபோல நிற்கும், முதல் வெடி பட்டதோ படவில்லையோ எண்டும் தெரியாது. அந்த நேரத்தில் கையில் இருக்கிற ரெண்டாவது குழல்தான் உயிர்.

இரட்டைக்குழல் எண்டால் ரெண்டு குழலை ஒட்டிவைத்தது எண்டு நினைத்தால் பிழை. உண்மையில் அது ஒரே பிடியில் பொருத்தின ரெண்டு தனித்தனித் துவக்கு. ரெண்டு விசை, ரெண்டு சுத்தியல், ரெண்டு பூட்டு. ஒருபக்கத்துச் சுருள்வில் முறிந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். ரெண்டு குழலையும் நேர்சமாந்தரமாக வைக்கவும் ஏலாது. வெடிக்கும்போது வலக்குழல் துவக்கை வலப்பக்கம் தள்ளும், இடக்குழல் இடப்பக்கம் தள்ளும். அதால் வாய்ப்பக்கம் கொஞ்சம் உள்நோக்கிச் சரித்து, இடையில் சின்ன ஆப்பு வைத்து ஒட்டி, வெடித்துப் பார்த்து, திரும்பச் சூடாக்கி ஆப்பை அசைத்து, திரும்ப வெடித்துப் பார்த்து, ரெண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும்வரை கம்மியர் மினக்கெட வேணும். அதுவும் ஒரே ஒரு அளவு மருந்துக்கும் ஒரே ஒரு நிறைக் குண்டுக்கும்தான் பொருந்தும். மருந்தைக் கூட்டிக் குறைத்தால் ரெண்டு குண்டும் ரெண்டு வழியில் போகும். இரட்டைக்குழல் றைபிள் ஏன் இன்றுவரை பெரும் பணக்காரரின் சாமானாக இருக்குது எண்டதுக்கு இந்த மினக்கேடுதான் முக்கிய காரணம்.

இன்னொரு விஷயம். ஆசிய யானையை நெற்றியில், தும்பிக்கை தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே சுட்டு விழுத்தலாம் எண்டது இங்கிருந்த வேட்டைக்காரரின் பொதுவான அறிவு. யானையின் மண்டையோடு முன்பக்கம் தேன்கூடுமாதிரி காற்றறைகள் நிறைந்தது. மூளை பின்னால் ஒதுங்கி இருக்கும். பாரமான, இறுக்கமான குண்டு அதைத் துளைத்துப் போய்விடும். இதே நம்பிக்கையோடு ஆபிரிக்காவுக்குப் போன பேக்கர் அங்கே அது சரிவராது எண்டு பட்டறிந்தார். மண்டையோட்டின் அமைப்பு வேறு. ஆக, பேக்கர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோன யானை பற்றிய 'அறிவு' இலங்கை யானைகளின் பிணங்களில் இருந்து படித்தது.

அப்ப இப்படி எத்தனை பிணம்? மேஜர் ரொஜர்ஸ் எண்டு ஒருவர். பதுளையில் அரசாங்கப் பொறுப்பில் இருந்த படை அதிகாரி. அவர் சுட்ட யானைகள் 1300, 1400 எண்டு நூலுக்கு நூல் கணக்கு வேறு. குறைந்த கணக்கை எடுத்தாலும் ஆயிரத்துக்கு மேல். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கிற அவரின் கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது எண்டு மலையகத்தில் கதை உண்டு. யானைகளின் சாபம் எண்டு சொல்லுவினம். கப்டன் கல்வே எண்டவருக்கு அதில் பாதிக்கு மேல். வீதிகள் போட்டதற்காகப் பாடப்புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் பண்ணின மேஜர் ஸ்கின்னருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. வீதி கணக்கு மட்டும்தான் பரீட்சைக்கு வந்தது.

தந்தத்துக்காகச் சுட்டார்கள் எண்டு நினைக்கவேண்டாம். இலங்கையில் பெண் யானைக்குக் கொம்பு இல்லை, ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்குத்தான் உண்டு. பெரும்பாலானவை அலியன்கள். இறைச்சியும் ஆரும் தின்பதில்லை. வெட்டி எடுத்தது வாலை மட்டும். ஏனெண்டால் வாலுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது.

பேக்கரின் கணக்குப்படி ஒரு வாலுக்கு முதலில் 10 சில்லிங். பிறகு சில மாவட்டங்களில் 7 சில்லிங்காகக் குறைத்தார்கள், சில இடங்களில் நிறுத்தியும் விட்டார்கள். காரணம் இரக்கம் இல்லை. கொண்டுவந்து குவித்த வால்களுக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்த எண்கள் இன்னும் பயங்கரம்: 1848 இற்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. 1851 இற்கும் 1856 இற்கும் இடையில் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவில் 2000. அப்போதைய வட மாகாணம் இன்றைய அனுராதபுரப் பக்கத்தையும் சேர்த்தது எண்டாலும், அந்த 3500 இல் எங்கட வன்னிக் காட்டு யானைகளும் அடக்கம். 2011 இல் முழு இலங்கையிலும் இருந்தவை, அந்த வருடக் கணக்கெடுப்பின்படி, 5879.

வேறொரு காலத்தோடு இதை வைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடக்கவைத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்திய அரசர்களுக்கு விற்றார்கள். ஆனையிறவு எண்ட பெயரே அதற்குச் சாட்சி. அது யானைக்கு நல்ல காலம் எண்டு சொல்லவில்லை. ஆனால் உயிரோடு இருந்தால்தான் அதுக்கு விலை. பிரித்தானியர் காலத்தில் அந்தச் சந்தை சுருங்கி, கோப்பிக்கும் வீதிக்கும் காடு வெட்டத் தொடங்கியபோது, செத்த யானைக்கு விலை வந்தது.

உயிரோடு பிடித்த ஆக்களின் கருவி என்ன தெரியுமா? கயிறு. பணிக்கர் எண்டு அழைக்கப்பட்ட முஸ்லிம் யானைபிடிகாரர் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தார்கள். ஏறாவூர்ப் பக்கம் அந்தப் பெயர் இன்னும் மறக்கப்படவில்லை. மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த கயிற்றோடு, கால்நடையாய், காற்றின் திசை பார்த்து யானைக்குப் பின்னால் போய் அதன் பின்னங்காலில் சுருக்குப் போடுவார்கள். ரெனன்ற் இவர்களை வியந்து எழுதியிருக்கிறார். அதே ஆள் யானை சுடுவதற்குக் குறிபார்க்கிற திறமை பெரிதாகத் தேவையில்லை எண்டும் எழுதினார். வேட்டைக்காரத் துரைமாருக்கு அது கசந்திருக்கும்.

இப்ப அந்த 'இன்னொரு ஆளிடம்' வருவோம். பேக்கரின் ஆறு துவக்கின் நிறையைக் கூட்டிப் பாருங்கள்: 97 இறாத்தல். 44 கிலோ. இதை ஆர் தூக்கினது? துவக்குக்காவிகள். உள்ளூர் ஆக்கள். அவர்கள் வெறுமனே சுமை தூக்கவில்லை. யானை வருகிறபோது பேக்கரின் முதுகுக்குப் பின்னால், கையெட்டுகிற தூரத்தில், நிரப்பின துவக்கோடு அசையாமல் நிற்கவேணும். வெறும் துவக்கை வாங்கி நிரப்பினதைக் கையில் வைக்கவேணும். அவர்களுக்குச் சுட அனுமதி இல்லை. யானை துரத்தினால் கையில் துவக்கு இருக்க, சுடாமல் நிற்கிற ஆள் அவர்தான். அந்தக் காலத்து வேட்டை நூல்கள் எதை எடுத்தாலும் ஒரு புலம்பல் வரும்: துவக்குக்காவி ஓடிவிட்டான், கோழை. நாங்கள் எங்களையே கேட்டுப்பார்த்தோம். நாங்களெண்டால் என்ன செய்திருப்பம்? முதல் பற்றை அசைஞ்சவுடனேயே ஓடியிருப்பம்.

எங்கட வாசிப்பில், இரட்டைக்குழல் றைபிள் இந்தப் பயத்தில் இருந்து பிறந்த தெரிவும்கூட. யானையைப் பற்றிய பயத்தைவிட, பின்னால் நிற்கிற கறுத்த மனிதன் நிற்பானா எண்ட பயம். அவன் ஓடினாலும் எனக்கு இன்னொரு வெடி இருக்கவேணும். பேக்கர் இப்படி எழுதவில்லை. இது எங்கட விளக்கம். ஆனால் பத்துக் குழலை வைத்துக்கொண்டும் ஒரு ஆளில் தங்கியிருக்க வேண்டியிருந்த நிலைமை அவருடைய பக்கங்களில் திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்குது.

இதே 1848 இல்தான் ஆளுநர் டொரிங்ரன் புதிய வரிகளைக் கொண்டுவந்தார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. துவக்குக்கு வருடாந்த அனுமதி, 2 சில்லிங் 6 பென்ஸ். ஜூலையில் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8 இல் வீர புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் பேக்கரின் கூட்டம் நுவரெலியாவில் குடியேற இங்கிலாந்தில் இருந்து கப்பலேறியது. வரித்திட்டத்தில் டொரிங்ரனுக்குப் பக்கத்தில் நின்ற குடியேற்றச் செயலாளர் ஆர்? யானைகளுக்காக மனம் நொந்து எழுதின அதே ரெனன்ற்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். ஆறு துவக்குக்கு அந்த வரி 15 சில்லிங். ஏழு சில்லிங் வால் ரெண்டும் ஒரு சில்லிங்கும் இருந்தால் தீர்ந்தது. பேக்கர் ஒரு காலைக்குள் அதை உழைத்துவிடுவார். சேனைப் பயிரைப் பன்றியிடம் இருந்து காக்க ஒரு பழைய துவக்கை வைத்திருந்த கிராமத்தாளுக்கு அந்த 2 சில்லிங் 6 பென்ஸ் என்னவாக இருந்திருக்கும்?

ஆளப்படுகிறவர் கையில் துவக்குப் போய்விடுமோ எண்ட பயம் பேக்கருக்குப் பிறகும் இரட்டைக்குழலின் வடிவத்தை மாத்தியிருக்கு. 1898 இல் லண்டனின் ஜோன் றிக்பி நிறுவனம் புகையில்லாத கோர்டைற் மருந்தில் .450 அளவு தோட்டாவைக் கொண்டுவந்தது. குண்டு வெறும் 31 கிராம், ஆனால் செக்கனுக்கு ஏறத்தாழ 650 மீற்றர் வேகம். 15 இறாத்தல் துவக்கு 11 இறாத்தலுக்கு இறங்கியது, புகைத்திரையும் போனது. கொஞ்ச வருடத்தில் பிரித்தானிய இந்தியாவிலும் சூடானிலும் அந்த .450 அளவைத் தடை செய்தார்கள். அங்கே புழங்கின மார்ட்டினி-ஹென்றி படைத்துவக்குகளின் குழலும் அதே அளவு. வேட்டைத் தோட்டாவின் குண்டு கிளர்ச்சிக்காரரின் கைக்குப் போகும் எண்டு பயந்தார்கள். துவக்குக் கம்மியர்கள் உடனே .465, .470 எண்டு சற்றே வேறான அளவுகளைச் செய்தார்கள். இன்றைக்கும் ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற பணக்காரர் .470 தான் சிறந்தது எண்டு வாதாடுவினம். அந்த அளவு பிறந்ததுக்கும் யானையின் மண்டையோட்டுக்கும் சம்பந்தமில்லை.

1894 இல் வேட்டைக்காரத் துரைமார் சேர்ந்து இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். சுடுவதுக்கு ஒண்டும் மிஞ்சாது எண்டு தெரிந்த பிறகு வந்த ஞானம். 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. இன்றைக்கு ஹோட்டன் சமவெளியில் யானை இல்லை. பேக்கர் காலத்தில் இருந்தது.

எங்கட கூட்டத்தில் ஒருத்தனின் ஊர் வன்னியில். போன அறுவடை நேரம் அவனுடைய வீட்டில் நின்றபோது, இரவு அவனுடைய அப்பாவோடு காவல் பரணில் இருந்தோம். துவக்கு இல்லை. ஒரு டோர்ச், ஒரு தகரம், நாலு யானை வெடி. பேக்கரின் துவக்குக் கணக்கை அவருக்குச் சொன்னோம். 15 இறாத்தல், பத்துக் குழல் எண்டதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வால் கதையில்தான் நிமிர்ந்தார்.

"அப்ப அந்த நேரம் யானையைச் சுட்டா காசு, இப்ப சுட்டா மறியல். நடுவில எங்களிட்ட ஆராவது கேட்டவையே?"

2023 இல் மட்டும் இந்த நாட்டில் 450 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் செத்தார்கள் எண்டு நாங்கள் சொன்னோம். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. விடிய ரெண்டு மணிபோல குளத்துப் பக்கம் மரம் முறிகிற சத்தம் கேட்டது. அவர் ஒரு வெடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்தாமல், கனநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.